குழந்தைக்கு வீசிங், தாய்க்கு மனச்சோர்வு: உடனிருப்பவர்கள் செய்ய வேண்டியவை

இந்தக் கட்டுரை அந்தத் தாய்க்காக எழுதப்பட்டதன்று. அறிவுரை அவருக்கு ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் கிடைத்திருக்கும். தலைக்குக் குளிப்பாட்டியதால்தான் சளி கட்டியது என்று ஒருவரும், வாழைப்பழம் கொடுத்ததால் இளைப்பு வந்தது என்று இன்னொருவரும், இன்ஹேலர் பம்பைப் பழக்கிவிட்டால் ஆயுள் முழுக்க விட முடியாது என்று மூன்றாமவரும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவருடைய கணவர், மாமியார், தாய், அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், குழந்தையின் வகுப்பாசிரியர் ஆகியோரில் யாரேனும் ஒருவர் இதைப் படித்து, ஒரே ஒரு வேலையையாவது அவர் கையிலிருந்து முழுமையாக வாங்கிக்கொண்டால் அது போதுமானது.

இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது

வீசிங், இளைப்பு என்றெல்லாம் வீட்டில் சொல்லப்படும் ஆஸ்துமாவுக்கான மருந்துகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து, பெரும்பாலும் நீல நிறப் பம்பில் வருவது, சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்திவிடும். குழந்தை இளைக்கும்போது அதைத் தேடி எடுக்க யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற தடுப்பு மருந்தின் கதை வேறு. குழந்தை ஓடியாடி விளையாடும் நாளிலும், மூச்சு சீராக இருக்கும் நாளிலும், மருத்துவர் சொன்ன காலம் வரை அதைத் தவறாமல் கொடுக்க வேண்டும். அதன் பலன் வராமல் போன இளைப்பில்தான் இருக்கிறது, ஆகவே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று கொடுப்பது அடுத்த மாதம் உதவும் என்ற நம்பிக்கையும், ஒவ்வொரு நாளும் அதை நினைவில் வைத்திருக்கும் தெம்பும் இந்த மருந்துக்குத் தேவைப்படுகின்றன. மனச்சோர்வு முதலில் பறிப்பது இவ்விரண்டையும்தான். மறதி, முடிவெடுக்க முடியாத நிலை, தூக்கம் கெடுதல், நாளையைப் பற்றிய நம்பிக்கையின்மை ஆகியவை அந்நோயின் அறிகுறிகளே தவிர, அந்தப் பெண்ணின் குணக்கேடு அல்ல.

அமெரிக்காவின் பெருநகர ஏழைப் பகுதிகளில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைகளைப் பற்றி 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமாக இருந்த தாய்மார்களின் குழந்தைகள் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூடுதலாகச் செல்ல நேர்ந்தது தெரியவந்தது. இதைத் தாயின் மீதான குற்றச்சாட்டாக வாசிப்பது எளிது. ஆனால் அம்பு எதிர்த்திசையிலும் பாய்கிறது. ஆஸ்துமா இருமல் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் கூடும். மாதக்கணக்கில் இரவு 2 மணிக்கு எழுந்து, குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குகிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் எவருக்கும் மனம் சோர்ந்துபோகத்தான் செய்யும்.

எப்படி அடையாளம் காண்பது

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் அது பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசுகிறது: தலைபாரம், உடல்வலி, அலுப்பு, பசியின்மை, சிறு விஷயத்துக்கும் பொங்கும் எரிச்சல். மருத்துவர்கள் முதற்கட்டமாகக் கேட்கும் இரண்டு கேள்விகள் எளியவை. கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாள்கள் மனம் துவண்டு, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடித்த எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் பேசுவதற்கு அது போதிய காரணமாகும். அப்படிப் போகும்போது இரத்தச்சோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஏனெனில் இவையும் இதே போன்ற சோர்வைத் தரும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருக்கிறது.

குறிப்பாகக் கவனிக்க வேண்டியது குற்றவுணர்வு. ‘நான் ஒழுங்கா பார்த்துக்கிட்டிருந்தா இவனுக்கு இப்படி வந்திருக்குமா’ என்ற சொல் அடிக்கடி வந்தால் அதைப் பேச்சுவாக்கில் விட்டுவிடக் கூடாது. ஆஸ்துமா வருவதற்குப் பரம்பரை, ஒவ்வாமை, சிறுவயதில் வந்த நச்சுயிரித் தொற்றுகள், காற்றிலுள்ள புகை எனப் பல காரணங்கள் கூடி அமைகின்றன. ஒரு நாள் தலைக்கு ஊற்றிய தண்ணீர் அதை உண்டாக்குவதில்லை. இதை அவருக்கு மட்டும் சொல்வதைவிட, அவரைக் குறை சொல்லும் பெரியவர்களுக்கு அவர் எதிரிலேயே சொல்வது நல்லது.

பேச்சைத் தொடங்குவது

‘நீ தைரியமா இருந்தாத்தானே குழந்தை நல்லா இருக்கும்’ என்பது அன்பாகச் சொல்லப்படும் வாக்கியந்தான். ஆனால் குழந்தையின் மூச்சோடு தன் மனநிலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்பதே அதன் பொருளாக அவர் காதில் விழும். ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லு’ என்பதும் பயன்தருவதில்லை. என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று முடிவுசெய்து, வாய்விட்டுக் கேட்பது என்பதே மூன்று வேலைகள், அம்மூன்றும் அவரால் அப்போது முடியாதவை.

மாறாக, முடிவை நீங்களே எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். மாமியார் இப்படிச் சொல்லலாம்: ‘நேத்து ராத்திரியும் நீ கண்ண மூடலைன்னு எனக்குத் தெரியும்மா. இன்னைக்கு அவன் என் பக்கத்துல படுக்கட்டும். பம்ப், அந்தக் குழாய் எல்லாம் எங்க இருக்குன்னு மட்டும் காட்டிட்டு, நீ உள்ளே கதவைச் சாத்திட்டுப் படு.’ அதற்கு அவர் ‘வேண்டாம் அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று மறுத்தால், ஒருமுறை மட்டும் மறுபடி சொல்லிவிட்டு, சொன்னபடி செய்துவிடுவது நல்லது. அவர் பேச முன்வந்தால் குறுக்கே தீர்வு சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது கடினமான வேலை. அதற்கும் ஒருவர் வேண்டும், பெரும்பாலும் அது தோழியாகவோ அக்காவாகவோ இருப்பதே இயல்பாக அமைகிறது.

ஒரு வேலையை முழுமையாக எடுத்துக்கொள்வது

உதவுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, கையை மட்டும் கொடுத்துவிட்டு நினைவை அவரிடமே விட்டுவிடுவது. ‘மருந்து வாங்கணும்னா சொல்லு, வாங்கிட்டு வரேன்’ என்கிற கணவர் கடைக்குப் போகும் பத்து நிமிடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கிறார். பம்பில் எத்தனை பஃப் (ஒருமுறை அழுத்தினால் வரும் மருந்து) மிச்சமிருக்கிறது, எப்போது தீரும், மருந்துச் சீட்டு எங்கே, அடுத்து மருத்துவரைப் பார்க்கும் நாள் எது என்று மனத்துக்குள் ஓடும் கணக்கு முழுவதும் மனைவியிடமே நிற்கிறது. அந்தக் கணக்கைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அது அப்படியொன்றும் கடினமான கணக்கன்று. 120 பஃப் கொண்ட தடுப்பு மருந்துப் பம்பிலிருந்து காலையில் இரண்டும் இரவில் இரண்டும் கொடுத்தால் 30 நாளில் தீரும். 200 பஃப் என்றால் 50 நாள். புதிய பம்பை எடுத்த அன்றே அதன்மேல் தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் மார்க்கரால் எழுதிவிட வேண்டும். எண் காட்டும் பம்பாக இருந்தால் இன்னும் எளிது. குலுக்கிப் பார்த்துச் சத்தம் வருவதை வைத்து மருந்து இருக்கிறது என்று முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையரால்கூட இந்தப் பொறுப்பை முழுமையாக ஏற்க முடியும்: கைபேசியில் நினைவூட்டல் வைத்து, தீர்வதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஊரிலுள்ள மருந்துக்கடையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பச் செய்வதற்குத் தொலைவு ஒரு தடையன்று. இரவில் காணொலியில் அழைத்து ‘பம்ப் குடுத்தியா?’ என்று மட்டும் கேட்பதைவிட இது எத்தனையோ மடங்கு மேலான உதவி.

இரவு மருந்தைக் கொடுப்பதை வீட்டிலிருக்கும் இன்னொருவர் தம் வேலையாக்கிக்கொள்ளலாம். பல் துலக்கும் நேரத்தோடு அதைச் சேர்த்துவிட்டால் மறக்காது, மருந்துக்குப் பின் வாய் கொப்பளிப்பதும் தானாக நடந்துவிடும். சிறு குழந்தைகளுக்குப் பம்பை நேரடியாக வாயில் வைத்து அழுத்துவதால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் என்னும் அந்தக் குழாய் வேண்டும், நான்கு வயதுக்குக் கீழ் என்றால் முகமூடியும் வேண்டும். பம்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, முகமூடி மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடும்படி வைத்து, ஒருமுறை மட்டும் அழுத்தி, குழந்தை இயல்பாக ஐந்தாறு மூச்சு விடும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்கிய பின்பே கொடுக்க வேண்டும். அழுகிற குழந்தைக்கு அழுத்திப் பிடித்துக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்ச் சேருவது சொற்பமே. ஆகவே பாட்டியின் மடியும் ஒரு கதையும் இங்கே மருந்தின் பகுதியாகிவிடுகின்றன. முகமூடி வைத்துத் தடுப்பு மருந்து கொடுத்தால் முகத்தையும் துடைத்துவிட வேண்டும். ஸ்பேசரை வாரம் ஒருமுறையோ தயாரிப்பாளர் சொன்னபடியோ சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வாறு எடுத்துக்கொண்ட பிறகு மேற்பார்வையாளராக மாறிவிடாமல் இருப்பது முக்கியம். காலை மருந்து அவருடைய பொறுப்பில் இருந்து, மருந்து கொடுத்ததைக் குறிக்கும் நாள்காட்டியில் இரண்டு நாள் குறியில்லாமல் இருந்தால், அதைச் சுட்டிக்காட்டி விசாரிக்க வேண்டாம். ‘இந்த வாரம் காலையும் நானே பார்த்துக்கறேன்’ என்று சொல்லிவிடலாம். விட்டுப்போன நாள்களுக்காகத் திட்டு வாங்கிய தாய், அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது ஒரு நாளும் தவறவில்லை என்றுதான் சொல்வார். அதை நம்பும் மருத்துவர், கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டி அளவைக் கூட்டுவார் அல்லது இன்னும் வலிய மருந்துக்குப் போவார். வீட்டில் நிலவும் பயம் இப்படிக் குழந்தையின் சீட்டு வரை போய்ச் சேர்கிறது.

மருத்துவமனைக்கு அவரோடு இன்னொருவர் போவது நல்லது. குழந்தை இளைக்கும்போது சட்டையைக் கழற்றி மார்பு தெரிய அரை நிமிடக் காணொலி எடுத்து வைத்திருந்தால், அங்கே போனதும் சீராகிவிடும் மூச்சைச் சொற்களால் விளக்கும் சிரமம் இருக்காது. மாதத்தில் எத்தனை இரவு இருமினான், நீலப் பம்பு எத்தனை முறை தேவைப்பட்டது, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை ஆகிய மூன்று எண்களையும், தடுப்பு மருந்து உண்மையில் எத்தனை நாள் விட்டுப்போனது என்பதையும் உடன்போகிறவர் சொல்ல வேண்டும். மான்டெலுகாஸ்ட் மாத்திரை எழுதப்பட்டிருந்தால், அதைத் தொடங்கிய பின் குழந்தைக்குக் கெட்ட கனவு, எரிச்சல், முரட்டுத்தனம் ஏதும் கூடியதா என்பதையும் தெரிவிக்க வேண்டும். இவ்விளைவுகள் குறித்து அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அம்மருந்தின் குறிப்பில் சேர்க்கச் செய்தது. தன் வளர்ப்பு சரியில்லாததால்தான் பிள்ளை இப்படி அடம்பிடிக்கிறான் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் தாய்க்கு, மருந்தும் காரணமாக இருக்கலாம் என்று தெரிவதே பெரிய விடுதலையாக இருக்கும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்திவிடக் கூடாது.

வீட்டைச் சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை. தூசி கூடாது என்று கேள்விப்பட்டதும் தினமும் திரைச்சீலை துவைக்கும் வேலையை அந்தத் தாயின் தலையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. முதலில் புகையை நிறுத்துங்கள். வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையோடு உள்ளே வரும் பீடி, சிகரெட் புகை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, குப்பை எரிப்பு ஆகியவை அவ்வரிசையில் வரும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிகையில் வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடானது என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கொசுவலை கட்டுவது வீட்டிலிருக்கும் ஆண்களின் வேலையாகலாம். போகியன்றும் தீபாவளியன்றும் குழந்தையைப் புகை குறைந்த உறவினர் வீட்டுக்குக் கூட்டிப்போக யாராவது முன்வந்தால், தாய்க்கு ஒரு நாள் ஓய்வும் சேர்ந்து கிடைக்கும்.

பள்ளிக்கு ஒரு நீலப் பம்பும் ஸ்பேசரும் தனியாக இருக்கட்டும். வகுப்பாசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி, குழந்தை இருமியவுடன் தாயை அழைத்துக் கூட்டிப்போகச் சொல்லாமல், எழுதிக் கொடுத்த முறைப்படி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு தெரிவிப்பது.

இளைப்பு முற்றும் நேரத்துக்கு

இந்நேரத்தில் முடிவெடுக்கும் சுமை அவர்மேல் விழாமல் இருக்க, முன்னதாகவே மருத்துவரிடம் எழுத்தில் ஒரு திட்டம் வாங்கி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, எந்த நிலையில் எத்தனை பஃப், எத்தனை நிமிட இடைவெளி, எப்போது மருத்துவமனை என்று அதில் இருக்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் அதன்படி ஒருமுறையாவது செய்து பழகியிருக்க வேண்டும். குழந்தை ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் திணறினாலோ, கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் தவித்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவும் தொண்டைக்குழியும் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மயங்கிச் சோர்ந்தாலோ, நீலப் பம்பு கொடுத்தும் குறையாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. உட்காரவைத்து மருந்தைத் தொடர்ந்தபடியே 108ஐ அழைக்க வேண்டும், இலங்கையிலென்றால் 1990. அப்போது ‘ஏன் முன்னாடியே சொல்லலை’ என்ற கேள்வியை எவரும் எழுப்ப வேண்டாம்.

தாய்க்கான சிகிச்சை

மேலே சொன்னவை அனைத்தும் சுமையைக் குறைக்குமே தவிர மனச்சோர்வுக்கு மருந்தாகிவிடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்; நேரில் போகத் தயக்கமென்றால் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 104ஐயும் அழைக்கலாம். இலங்கையில் 1926. முதல் அழைப்பை நீங்களே எடுத்துப் பேசி, பிறகு கைபேசியை அவரிடம் கொடுப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. அவர் மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு காரணத்தாலேயே போவது தள்ளிப்போகும்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தெரிவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலோ தூக்கக் குறைவோ மட்டும் தெரிந்து, நன்மை ஒன்றும் தெரியாது. அப்போதுதான் உடனிருப்பவர் தேவை. நலமான பிறகும் பல மாதங்கள் தொடரச் சொல்வார்கள், திடீரென நிறுத்தக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, இலேசான நிலையில் அதுவே போதுமானதாக இருக்கலாம். விந்தை என்னவென்றால், ‘பம்ப் பழகிடும்’ என்று சொல்லும் அதே வாய்தான் ‘மாத்திரை பழகிடும்’ என்றும் சொல்கிறது. இரண்டும் அடிமைப்படுத்தும் மருந்துகள் அல்ல. இரண்டும் நன்றாக இருக்கும் நாளிலும் தொடர வேண்டியவை. குழந்தையின் தடுப்பு மருந்தைப் புரிந்துகொண்ட குடும்பத்துக்குத் தாயின் மாத்திரையைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கக் கூடாது. கோயிலுக்குப் போவதும் மந்திரிப்பதும் அவருக்கு ஆறுதல் தருமென்றால் தடுக்க வேண்டியதில்லை, மாத்திரைக்குப் பதிலாக ஆகாத வரை.

வாழவே பிடிக்கவில்லை, எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் போலிருக்கிறது என்பன போன்ற சொற்கள் வந்தால் அவற்றைக் கோபத்தில் சொன்னதாகத் தள்ளிவிடக் கூடாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடுவதில்லை. ஆம் என்றால் அவரையும் குழந்தையையும் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சிகிச்சை பலித்து அவர் சிரித்துப் பேசத் தொடங்கும் வாரத்தில் உதவியவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிவிடுவது வழக்கம். அந்த வாரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். எந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்பதை அவரே சொல்லட்டும், ஒரு சமயத்தில் ஒன்றாக, குழந்தைக்கு இளைப்பில்லாத ஒரு மாதம் பார்த்து. இரவுப் பம்பையும் தேதி எழுதும் மார்க்கரையும் மட்டும் அவர் கேட்டாலும் உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். கணவர் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.